ரோலர் உட்கார்ந்தும் ஓடாத வண்டி

தொழிற்சாலை மைதானத்தில் புல் வெட்டுகிறவருக்கு ரோலர் என்று பேர் வைத்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு. பந்தாட்டக்காரன் ஒருவன் என்கிறது ஒரு கட்சி. கேன்டீன்காரர் என்கிறது இன்னொரு கட்சி. கற்பனைக்கு வேலையே இல்லாத பேர் அது, இதற்குப் போய் ஏன் இத்தனை அடிதடி என்று தெரியவில்லை. மைதானத்து ஓரத்தில் இரும்பு உருளை ஒன்று கிடக்கும். பக்கத்தில் அவர் நிற்பார். பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

அவர் மனைவிக்கு மட்டும் அவரை நினைத்தால் உருளை ஞாபகத்துக்கு வராது, இஞ்ச் டேப்தான் வரும். அவள் தையல்காரி. ஊருக்கெல்லாம் தையலக்கா. ரோலருக்கு மட்டும் ‘இந்தாம்மா’.

அவர்கள் சந்தித்ததே அளவெடுக்கும்போதுதான். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ரெடிமேட் யூனிஃபார்ம் கொடுத்தார்கள். இவருக்குக் கொடுக்க ஸ்டோரில் எதுவும் இல்லை. ஸ்டோர்காரர் இருந்ததிலேயே பெரிய சட்டையை இவர் முதுகில் வைத்துப் பார்த்தார், இவரைப் பார்த்தார், யூனிஃபார்ம் துணியாகவே கிழித்துக் கொடுத்து எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டார். எதிர்க்கடையில் அவள்.

“கையைத் தூக்குங்க” என்றாள். தூக்கினார். டேப்பின் ஒரு முனையை இடுப்பில் வைத்து மறுமுனையைப் பின்னால் கொண்டுபோனாள். கை எட்டவில்லை. “இதைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க” என்று முனையை அவரிடமே கொடுத்துவிட்டு, மறுமுனையோடு ஒரு சுற்று நடந்து வந்தாள்.

“என்னம்மா, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டியா?”

“பாத்துட்டேன். பெரிய ஊரு.”

அந்த ஊரிலேயே குடியேறப் போகிறோம் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

கல்யாணம் ஆனதும் மைதானத்து மூலையில் ஒரு வீடு கொடுத்தார்கள். முன்னறை ஜன்னலடியில் அவளுடைய தையல் மெஷின். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகை. கொட்டகைக்குள், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி. முன்னால் இன்ஜின், நடுவில் சீட், அடியில் சுழலும் கத்தி. டிராக்டருக்குத் தம்பி என்று சொல்லலாம். ஆனால் அண்ணனைவிட அதிகமாகச் சத்தம் போடும் தம்பி.

அந்த நாளில் தையலக்கா வீட்டில் கடிகாரம் ஒப்புக்குத்தான் மாட்டியிருந்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து கேட்டால் அவர் எதிர் கோல் போஸ்ட் பக்கம் இருக்கிறார், அடுப்பில் தண்ணீர் வைக்கலாம். ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தால் டீயை ஊற்றலாம். ஜன்னலருகே வரும்போது வேண்டுமென்றே இன்ஜினை முடுக்குவார். வெட்டிய புல் பறந்து வந்து மெஷினில் கிடக்கும் வெள்ளைத் துணியில் விழும். “கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று கத்துவாள். இன்ஜின் சத்தத்தில் ஏதோ பாராட்டுகிறாள் என்பதுபோல அவர் கையசைத்துவிட்டுப் போவார். ஒருமுறை யாருடைய சட்டைக் காலருக்குள்ளோ புல்லையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். போட்டுப் பார்த்தவர் அரிக்கிறது என்று திரும்பி வந்தார். “புதுத்துணி அப்படித்தான் இருக்கும், தொவைக்கத் தொவைக்கச் சரியாயிடும்” என்று அனுப்பிவைத்தாள்.

பெரிய ஆட்டம் நடக்கிற நாளில் பந்தாட்டக்காரர்கள் குழுப்படம் எடுத்துக்கொள்வார்கள். ரோலரைக் கூப்பிட்டு பெஞ்சின் நடுவில் உட்காரவைப்பார்கள். மரியாதை என்று அவர் நினைத்தார். ஓரத்தில் அவர் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும் என்பது பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படங்கள் கேன்டீன் சுவரில் இன்னும் வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள். நடுவில் மட்டும் மாறாமல் ஒரு மலை.

அந்த மலைக்கு ஒருநாள் வயிற்றில் வலி வந்தது. வலிக்குப் பின்னால் ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் ஆபரேஷன், அதற்குப் பின்னால் உப்பில்லாச் சாப்பாடு. ஆபத்தெல்லாம் தாண்டியாச்சு, உடம்பு மெல்லத் தேறும் என்றார் டாக்டர். டாக்டர்கள் ‘மெல்ல’ என்று சொல்லும்போது நாம் வாரக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் வேறு ஏதோ கணக்கில் சொல்கிறார்கள்.

வீடு திரும்பிய முதல் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து பேன்ட்டை மாட்டினார். பேன்ட் இடுப்பில் தங்காமல் நேரே தரைக்குப் போய்விட்டது. குனிந்து காலடியில் கிடந்த துணி வட்டத்தைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஆளு போயிட்டாம்மா” என்றார். தெரிந்தவர் யாரோ தவறிப்போன சேதியைச் சொல்வது மாதிரி. அன்றைக்குப் பூராவும் அவர் எதையும் வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அதே பேன்ட்டை அவரிடம் நீட்டினாள். “நேத்து நீங்க எடுத்து மாட்டிக்கிட்டது தைக்க வந்த துணி. கண்டதையும் எடுத்துப் போட்டா அவுந்து விழாம என்ன பண்ணும்?”

போட்டுக்கொண்டார். கச்சிதமாக நின்றது. இடுப்புக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். இடமில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், பொய் சொன்னோமே என்ற உறுத்தல் தையலக்காவுக்கு விட்டுப்போயிற்று. சாப்பாட்டை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதற்கப்புறம் எவள் உண்மை பேசுவாள்?

அதற்குப் பிறகும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இறங்க இறங்கத் தையலும் உள்ளே போனது. அவர் மதியம் கண்ணயர்ந்தால் இவள் மெஷினில் உட்காருவாள். பேன்ட் இடுப்பைப் பிடித்தாள், சட்டைத் தோளைப் பிடித்தாள், உள்பனியனைக்கூட விடவில்லை. வீட்டில் இருந்தது சவரக் கண்ணாடி ஒன்றுதான், அதில் ஒரு கன்னத்துக்கு மேல் தெரியாது. எடை பார்க்கும் மெஷின் பக்கம் அவர் எந்தக் காலத்திலும் போனதில்லை. வந்து பார்க்கிறவர்கள் வாய்தான் பிரச்சினை. “என்ன ரோலர், பாதியாயிட்டீங்களே!” என்று ஆரம்பிப்பார்கள்.

“என் பேன்ட்டைக் கேளுய்யா! அப்படியே இருக்கு” என்பார் ரோலர்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தையலக்கா வந்தவரை ஒரு பார்வை பார்ப்பாள். “ஆமாமா, இந்த ரூம்ல வெளிச்சம் கம்மி” என்று வந்தவர் பின்வாங்குவார்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார். “மைதானத்தை வெளி ஆளுங்ககிட்ட விட்டுடலாமான்னு மேல கேக்கறாங்க. இப்ப ரெண்டு பேர் தள்ளு மெஷினை வெச்சுக்கிட்டு நாள் பூரா தள்ளறாங்க, பாக்கச் சகிக்கல. நீங்க வண்டியை எடுத்துட்டீங்கன்னா அந்தப் பேச்சே இருக்காது. திங்கட்கிழமை காலையில வந்து பாக்கறேன்.”

“வாங்க சார். கோடு போட்டு வெச்சிருக்கேன்” என்றார் ரோலர்.

வண்டியை எடுக்காவிட்டால் வேலை போகும், வீடும் போகும். அதுகூடப் பெரிதில்லை. கட்டிலில் உட்கார்ந்து ‘ஆளு போயிட்டாம்மா’ என்ற குரலைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். தையலக்காவுக்கு அதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தம்பி டூல்பாக்ஸோடு வந்து சேர்ந்தான். கார் எலக்ட்ரீஷியன், ஆள் நல்ல வாட்டசாட்டம். வயரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இருப்பதாக அவன் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. ரோலரைப் பார்த்ததும், “என்ன மாமா, இப்படி...” என்று வாயைத் திறந்தான். அக்காவின் பார்வை வந்தது. “...இப்படி வெயில்ல நிக்கறீங்க?” என்று முடித்தான்.

கொட்டகைக்குள் நின்றிருந்தார்கள். வெயில் எங்கேயும் இல்லை.

சாவியைத் திருப்பினார்கள். வண்டி வாயே திறக்கவில்லை. தம்பி மூடியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தான். டெர்மினல் இரண்டிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

“இத்தனை மாசம் சும்மா நின்னா பூக்கத்தானே செய்யும். அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி!”

ஜன்னல் வழியாகச் சுடுதண்ணீர் போனது. தேய்த்துக் கழுவித் துடைத்து, தன் கார் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றினான். மறுபடி சாவி. இந்தத் தடவை ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“டக்குங்குதே, அப்ப நல்லதுதானேடா?” என்றார் ரோலர்.

“பாதி நல்லது மாமா. செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடற சோலனாய்டு அது. கதவைத் தொறந்துட்டான். உள்ள வர வேண்டியவன் வரல.” குனிந்து படுத்தான். “இதோ, எர்த். வண்டி பாடியில முடுக்கின எடம் துரு புடிச்சுக் கெடக்கு. கரண்டு வந்த வழியே திரும்பிப் போக வேணாமா?”

உப்புத்தாள் போட்டுச் சுரண்டி முடுக்கினான். சாவி. வண்டி இருமியது, தும்மியது, கொட்டகை நிறையப் புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தையலக்கா ஊசியை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இந்த அதிர்வைக் கையில் உணர்ந்து!

ரோலர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்து கியரைப் போட்டு, மனைவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி செத்தது.

மறுபடி உயிர் கொடுத்தார்கள். காலை எடுத்தார், செத்தது. இன்னொரு தடவையும் அதே கதை. “நகருங்க மாமா” என்று தம்பி உட்கார்ந்தான். ஓடியது. கொட்டகையை விட்டு வெளியே போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து நிறுத்தினான். ரோலர் ஏறினார். செத்தது.

“வண்டிக்கு உங்க மேல கோவம் மாமா. இத்தனை நாளா எட்டிப் பாக்கலன்னு.”

“கோவம் உன் மேலதான்டா இருக்கணும். சுரண்டினது நீ.”

தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். “இந்த வண்டியில மூணு எடத்துல காவல் வெச்சிருக்கான். பிரேக்ல ஒருத்தன், கத்தியில ஒருத்தன், சீட்டுக்கு அடியில ஒருத்தன். ஆகாதுன்னு ஒருத்தன் சொன்னாலும் இன்ஜின் நின்னுடும். இப்ப எவனோ ஒருத்தன் மொரண்டு பண்றான். ஒவ்வொருத்தனா விசாரிக்கிறேன்.”

“சீட்டுக்கு எதுக்குடா காவல்?” ஜன்னலிலிருந்து குரல்.

“ஆளு உக்காந்திருக்கானான்னு தெரியணும்லக்கா. ஓட்டறவன் விழுந்துட்டா அடியில கத்தி சுத்திக்கிட்டே இருக்கலாமா? மேல வெயிட் இருந்தா ஸ்விட்ச் அமுங்கும். இல்லன்னா ஆஃப்.”

தையலக்கா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்த வண்டி வந்த புதிதில் ரோலர் ஏறி உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் தரைமட்டமாகிவிடும். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சீட் இரும்பில் போய் ‘டங்’ என்று இடிக்கும். பந்தாட்டக்காரர்கள் பள்ளிக்கூட மணி என்று கேலி பண்ணினார்கள். அவர் ஒருநாள் லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், டிரைவர் சீட்டில் போடுகிற முரட்டு ஸ்பிரிங் வாங்கிவந்து தானே மாட்டினார். அதற்குமேல் டங் இல்லை. “சிம்மாசனம்மா! எனக்குன்னு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு” என்றார். அளவெடுத்துத்தான் தைத்திருந்தார். அந்த அளவு இப்போது எங்கே?

பேன்ட்டையும் சட்டையையும் பிடித்தாயிற்று. இந்தச் சீட் ஒன்று பாக்கியிருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“டேய், பேட்டரி பழசாயிருக்கும். புதுசா ஒண்ணு வாங்கிடலாம்” என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். கிழிந்த பேன்ட்டிலிருந்து ஜிப்பைப் பிடுங்கி எடுத்து வைக்கிற அக்கா இவள். “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டு பிரேக் ஸ்விட்ச்சில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தான். லேம்ப் எரிந்தது. “பிரேக்காரன் நல்லவன்.”

“இன்னொரு தடவை பாரு.”

“பாத்துட்டேன்க்கா.”

“நல்லாப் பாரு. நல்லவன் மாதிரி நடிப்பான்.”

கத்தி ஸ்விட்ச்சைக் கழற்றி மீட்டரில் வைத்தான். அவனும் நல்லவன். தையலக்கா வாழ்க்கையில் யாரும் கெட்டுப்போக வேண்டும் என்று இப்படி மனமுருக வேண்டிக்கொண்டதில்லை. தம்பியின் கை சீட்டைத் தூக்கப் போனது.

“டீ!” என்று அலறினாள்.

இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். “டீ ஆறுது. கையைக் கழுவிக்கிட்டு வாங்க மொதல்ல.”

டீ இன்னும் போடவே இல்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனதும் இவள் முன்பக்கமாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அவர் மாற்றும்போது மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தானே. சின்னதாக இரண்டு கால் வைத்த ஃபியூஸ். பிடுங்கினாள். வந்து மெஷின் மேலிருந்த பட்டன் டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கி மூடிவிட்டு டீ போட்டாள். திங்கட்கிழமையைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் ஏதாவது தோன்றும் என்பது அவள் கணக்கு. திங்கட்கிழமை மேனேஜர் வந்து நிற்பார் என்பதை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை. பயந்தவர்கள் போடும் கணக்கு.

டீ குடித்துவிட்டு வந்து தம்பி சாவியைத் திருப்பினான். டக் கூட இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை.

“இப்பதானேடா ஓடிச்சு?” என்றார் ரோலர்.

தம்பி திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். பேட்டரி இருக்கிறது. டெர்மினல் பளபளக்கிறது. எர்த் இறுக்கமாக இருக்கிறது. ஃபியூஸ் மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

“மாமா, நான் பல தினுசா ஃபியூஸ் போய்ப் பாத்திருக்கேன். எரிஞ்சு போகும். உருகிப் போகும். ஆட்டத்துல கழண்டு விழும். டீ குடிக்கப் போனதா சரித்திரமே இல்ல.”

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

“இந்தாம்மா” என்றார் ரோலர்.

“என்ன?”

“குடு.”

எழுந்துவந்து பட்டன் டப்பாவைக் கொட்டகையின் வேலை மேஜையில் கவிழ்த்தாள். கலர் கலராய்ப் பட்டன்கள். நடுவில் ஃபியூஸ்.

“எதுக்கும்மா இது?”

“சீட்டைப் பாக்க வேணாம்.”

“சீட்ல என்ன இருக்கு?”

அதற்குள் தம்பி சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டான். உடம்பு முழுக்கச் சாய்த்து அழுத்தினால் ஸ்விட்ச் சொன்னபடி கேட்டது. “ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏறி உக்காருங்க மாமா.” அவர் உட்கார்ந்தார். இவன் அடியில் குனிந்து பார்த்தான். பார்த்தவன் சட்டென்று நிமிரவில்லை.

“என்னடா?”

“ஒரு விரல் போற அளவுக்கு எடம் இருக்கு மாமா. ஸ்பிரிங் இறங்கவே இல்ல.” குரல் தணிந்தது. “நீங்க உக்காந்திருக்கறது சீட்டுக்குத் தெரியல.”

ரோலர் சிரித்தார். “என்னடா உளர்ற! நான் உக்காந்து தெரியாத சீட் உண்டா? இங்க பாரு, பேன்ட் அப்படியே இருக்கு. ஒரு நூல் லூசாகல.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா பட்டன்களைப் பார்த்தாள்.

“அப்படியே இல்லீங்க” என்றாள். “நான் புடிச்சுட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

ரோலர் மெதுவாக இறங்கினார். வீட்டுக்குள் போனார். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து வந்தபோது அவர் கையில் ஒரு பேன்ட், உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பியிருந்தது. பின்தையலை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றுக்குள் ஒன்றாகத் தையல் கோடுகள், வடிந்துகொண்டே போகும் குளத்துக் கரையில் தண்ணீர் நின்ற அடையாளம் மாதிரி.

“இது?”

“நீங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரி புடிச்சது.”

“அப்ப அது தைக்க வந்த துணி இல்ல.”

“இல்ல.”

“இது?”

“அதுக்கப்புறம்.”

கடைசிக் கோட்டை அவர் கேட்கவில்லை. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்கு உள்ளே, மடித்து மடித்து வைத்த துணி ஒரு கைக்குட்டை கனத்துக்குத் திரண்டிருந்தது.

“நீ வேலை தெரிஞ்சவதானே. மிச்சத் துணியை வெட்டிப் போட்டுட்டுத் தெக்கிறதுதானே மொறை? இப்படியா மூட்டை கட்டி உள்ள வெப்பாங்க?”

“வெட்டிட்டா திரும்ப விட முடியாதுல்ல” என்றாள். “நீங்க தேறினதும் பிரிச்சு விடணும்ல.”

ரோலர் பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதானா பின்னாடி கட்டி மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துது! ஆபரேஷன்ல எதையோ உள்ள மறந்து வெச்சுத் தெச்சுட்டானுங்கன்னுல்ல நான் பயந்துக்கிட்டிருந்தேன்!”

“முதுகுப் பக்கமாவா ஆபரேஷன் பண்ணாங்க? சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ பயப்படுவியே.”

தம்பி மூக்கை உறிஞ்சினான். இந்த மாதிரி இரண்டு பேர் குடித்தனம் நடத்தினால் எந்த வயர் எங்கே போகிறது என்று எந்த எலக்ட்ரீஷியன் கண்டுபிடிப்பான்? துணியில் முகத்தைத் துடைத்தான். துணியில் இருந்த கிரீஸ் முகத்துக்கு வந்தது.

“விடுங்க மாமா, ஒரு நிமிஷ வேலை” என்று கட்டிங் பிளேயரை எடுத்தான். “சீட் ஸ்விட்ச் வயர் ரெண்டையும் ஒண்ணாச் சேத்து விட்டுடறேன். அப்புறம் நீங்க உக்காந்தா என்ன, இறங்கினா என்ன, வண்டி பாட்டுக்கு ஓடும்.”

தையலக்கா ஆவலோடு தலையாட்டினாள்.

“வேணாம்” என்றார் ரோலர்.

“ஏன் மாமா? ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டறான்.”

“நேத்து குளிச்சுட்டு வரும்போது தலை சுத்திக் கதவைப் புடிச்சுக்கிட்டேன். அது மாதிரி வண்டியில வந்து நான் கீழ விழுந்தா? நான் இல்லன்னு அதுக்குத் தெரியணும்டா. வெறும் சீட்டை வெச்சுக்கிட்டு ரோலர் இருக்கார் இருக்கார்னு அது ஓடக் கூடாது. அந்த வேலையைத்தான் உங்கக்கா பண்ணிக்கிட்டிருந்தா.” அவர் குரலில் கோபம் இல்லை. “ஸ்பிரிங்கை மாத்து. இப்ப இருக்கற ஆளுக்குத் தக்கபடி ஒண்ணு போடு.”

தம்பி காரை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போய்ப் பழைய கார் சீட்டிலிருந்து மெல்லிய ஸ்பிரிங்காகப் பார்த்துக் கொண்டுவந்தான். பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நட்டு அசையவே இல்லை. ரோலர் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். தம்பி எண்ணெய் விட்டான். இருவரும் சேர்ந்து தொங்கினார்கள்.

“எவன் மாமா இதை இப்படி முடுக்கினவன்?” என்றான் தம்பி, மூச்சு வாங்க.

“ரோலர்னு ஒருத்தன். பெரிய ஆளு.”

“உங்களுக்குப் பழக்கமா?”

“நல்லாத் தெரியும். இடுப்புல டேப்பை வெச்சா ஒரு பொம்பளை சுத்தி நடந்துதான் வரணும்.” ஸ்பேனரை மாற்றிப் போட்டார். “நல்ல பையன். கொஞ்சம் திமிரு.”

“கொஞ்சமா?” என்றது ஜன்னல்.

நட்டு ‘க்ரீச்’ என்று அசைந்து கொடுத்தது. புது ஸ்பிரிங் ஏறியது. ரோலர் உட்கார்ந்தார். சீட் பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. அடியில் குனிந்திருந்த தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சாவி, பிரேக், கியர். காலை எடுத்தார். வண்டி நகர்ந்தது. இருட்டுவதற்குள் இரண்டே பட்டை புல் வெட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை நாளைக்கு என்று நிறுத்திக்கொண்டார். பழைய ஆளாக இருந்தால் பாதி மைதானத்தை முடித்திருப்பான்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் சொன்னபடி வந்து கோட்டுக்கு அப்பால் நின்றார். ரோலர் மைதானத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தார். தையலக்கா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டிருந்தாள் என்பது பேச்சுக்குத்தான். மெஷின் மிதியில் கால் இருந்தது, கால் அசையவில்லை. காது முழுக்க வெளியே இருந்தது.

சத்தம் நின்றது.

அவள் ஓடினாள். கழுத்தில் டேப்போடு, காலில் செருப்பில்லாமல், ஈரப் புல்லில் வழுக்கி எழுந்து ஓடினாள். சீட் காலியாக இருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது. ரோலர் குனிந்து, யாரோ ஆட்டக்காரன் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மேனேஜரும் வேகமாக வந்து சேர்ந்தார். “என்ன ரோலர், பழுதா?”

“பழுதெல்லாம் இல்ல சார். நான் இறங்கினேன், அது நின்னுடுச்சு” என்றார் ரோலர். “அப்படித்தான் நிக்கணும்.”

பாட்டிலை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, பிடியைப் பிடித்து நிதானமாக ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தார், சாவியைத் திருப்பினார், காலை எடுத்தார். வண்டி போயிற்று. மேனேஜர் பாட்டிலோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “சரிம்மா, வரேன். வெளி ஆளுங்களை வேணாம்னு சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

தையலக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். வண்டி அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. சீட்டில் இருந்தது பழைய ஆள் இல்லை. தோள் ஒடுங்கி, கழுத்து நீண்டு, தெரிந்த முகத்தோடு வேறு யாரோ. கழுத்திலிருந்த டேப்பை அவள் கை தானாக எடுத்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் வரும் அந்த உருவத்துக்கு நேரே டேப்பை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். இத்தனை நாளாகத் துணியை அளந்து அளந்து தைத்தாளே தவிர, ஆளை அவள் நேராகப் பார்க்கவில்லை.

வண்டி அவள் நிற்கிற பட்டையிலேயே வந்துகொண்டிருந்தது.

“இந்தாம்மா!” இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார். “அளவெல்லாம் வீட்ல வெச்சுக்க! ஓரம் போ, உன்னையும் சேத்து வெட்டிடப் போறேன்!”